பிரிசி தேர்ந்தெடுத்த கம்ப்யூட்டர்

ஆகஸ்ட் 3, சனி

காலையிலிருந்து தூறல். துவைத்த துணி இரண்டாம் நாளாக வீட்டுக்குள்ளேயே கொடியில். ஸ்கூல் ஆபீசில் அரை நாள் வேலைதான். ஒரு மணிக்கு வீடு.

பிரிசி சாப்பிடாமல் காத்திருந்தாள். கையில் கடிதம். ராஜாஜிநகர் ஊதுபத்திக் கம்பெனி. தான் வேலை செய்யும் அச்சகத்தில் உட்கார்ந்து அவள் செய்து கொடுத்த அட்டைப்பெட்டி டிசைன் அவர்களுக்குப் பிடித்துவிட்டதாம். வீட்டில் சொந்தக் கம்ப்யூட்டர் இருந்தால் நேராக அவளுக்கே வேலை தருவார்களாம். முதலில் ஒரே ஒரு பெட்டி, பார்ப்பதற்கு. 17ஆம் தேதிக்குள்.

கடைசி வரி: போனில் பேச முடியாதவரோடு எப்படி வேலை செய்வது என்று யோசனையாக இருக்கிறது.

அந்த வரியை விரலால் மறைத்துக்கொண்டு, மேலே இருப்பதை மட்டும் இன்னொரு முறை படி என்றாள் சைகையில்.

இரண்டு வயதில் காய்ச்சலில் காது போன பிள்ளை. இருபத்து மூன்று வயதில் தேடி வருகிறார்கள். எழுதி வைத்துக்கொள்கிறேன்.

சாயங்காலம் அவர் ஃபாக்டரியிலிருந்து வந்ததும் சொன்னேன். சந்தோஷம். முகம் கழுவுவதற்குள் டிவி ட்யூனர் பேச்சு. கூட வேலை செய்பவர் வீட்டில் கம்ப்யூட்டரிலேயே டிவி, படம், பாட்டு எல்லாம் வருகிறதாம்.

"வாங்கறது ஒரு தடவ. அவ வேலைக்கும் ஆவணும், நாம உக்காந்து படம் பாக்கவும் ஆவணும். இன்னா சொல்ற?"

"வேல செய்யப் போறது அவ. அவள கேளுங்க."

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சர்ச்சில் பூசை. மீன் வாங்கவில்லை, மழை. முட்டைக் குழம்பு.

சாப்பிட்டதும் பிரிசி கோடு போட்ட தாளில் எழுதிய லிஸ்ட்டை அப்பாவிடம் நீட்டினாள். சிலவற்றுக்கு எதிரே காரணம்.

மானிட்டர் 17 இஞ்ச் – முழுப் பெட்டியும் ஒரே பார்வையில் தெரிய.
ரேம் 512 – பெரிய படம் திறந்தால் காத்திருக்கக் கூடாது.
ஹார்ட் டிஸ்க் 40.
கிராஃபிக்ஸ் கார்டு தனியாக.
டிவிடி படிக்கவும் சிடி எழுதவும் ஒரே டிரைவ்.
யூபிஎஸ் – மர்பி டவுன்.

கடைசிக் காரணத்துக்குச் சிரித்துவிட்டோம். எங்கள் ஏரியாவில் நேற்று மட்டும் மூன்று முறை கரண்ட் போனது.

அவர் லிஸ்ட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலி.

"இன்னா ஸ்டெல்லா, ட்யூனர் இல்ல. ஸ்பீக்கரே காணோம்?"

ட்யூனரைப் பற்றிக் கேட்டேன். டிவி எப்போதும் ஓடும், நான் எப்போது வேலை செய்வது என்றாள். ஸ்பீக்கர்? தோளைக் குலுக்கினாள். மறந்துவிட்டாளாம். அவளுக்கு அது ஒரு சாமானே இல்லை.

"சரி, டிவிடி எதுக்கு? சாதா சிடி டிரைவ் போதும். படமெல்லாம் விசிடியில கெடைக்குது."

இதற்கு அவள் எழுதியே காட்டினாள். 'டிவிடியில் கீழே எழுத்து வரும். என்ன பேசுகிறார்கள் என்று படிக்கலாம்.'

அவர் அந்தத் தாளை இன்னொரு முறை படித்தார். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் எங்கள் நடுவில் உட்கார்ந்து படம் பார்த்திருக்கிறாள். நாங்கள் சிரித்தால் முகத்தைப் பார்த்துவிட்டு அவளும் சிரிப்பாள். படம் பிடிக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

கையில் இருக்கும் பணத்துக்கு ட்யூனரும் பெரிய ஸ்பீக்கரும் வாங்கலாம், அல்லது பெரிய மானிட்டரும் அந்த டிரைவும். இரண்டும் முடியாது. அவர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து பென்சிலால் லிஸ்ட்டின் கீழே எழுதினார்: சின்ன ஸ்பீக்கர் 2 – அப்பாவுக்கு.

ஆகஸ்ட் 7, புதன்

இட்லி மாவு புளித்துவிட்டது. அச்சகத்து ஓனரிடம் பிரிசி சொல்லிவிட்டாள், மாதக் கடைசியோடு நிற்பதாக. அவசரப்பட்டுவிட்டாளோ? கம்பெனி வேண்டாம் என்றால்? கேட்டேன். என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 10, சனி

இரண்டாம் சனி, எல்லாருக்கும் லீவு. எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைகள். கால் வைக்க இடமில்லை, சேறு வேறு. ஐந்து கடை ஏறி இறங்கினோம். எல்லாரும் அவரிடமே பேசினார்கள். அவர் என்னைப் பார்த்தார், நான் பிரிசியைப் பார்த்தேன்.

ஆறாவது கடையில் அவள் பையிலிருந்து ஒரு சிடியையும், ஏற்கெனவே அச்சான தன் ஊதுபத்திப் பெட்டி ஒன்றையும் எடுத்தாள். அந்தப் பெட்டியின் படம்தான் சிடியில். ஒவ்வொரு மானிட்டரிலும் திறக்கச் சொல்லி, திரைக்குப் பக்கத்தில் நிஜப் பெட்டியைப் பிடித்துப் பார்த்தாள். நான்கு மானிட்டர். கடைக்காரருக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

பிரிசி அப்பாவுக்கு மூன்றாவது பிடித்தது. "இத பாரு, எப்படி பளிச்சுனு இருக்குது."

பிரிசி இல்லை என்று தலையாட்டினாள். நான்காவதைக் காட்டினாள். பார்த்தால் கொஞ்சம் மங்கல். சைகையில் சொன்னதை நான் சொன்னேன்: "பளிச்சுனு இருக்கறது பொய் சொல்லுதாம். அச்சுல வர்ற கலர் இதுலதான் வருதாம்."

கடைக்காரர் பெட்டியை வாங்கி அவரே வைத்துப் பார்த்தார். "மேடம் சொல்றது கரெக்ட்," என்றார். மேடம். காலேஜ் வாசலையே பார்க்காத என் பெண்.

அசெம்பிள் செய்ய மூன்று மணி நேரம். பக்கத்தில் மசால் தோசை. திரும்பிப் போனால் தயாராக இருந்தது. சுவிட்ச் போட்டார்கள். கறுப்புத் திரையில் எண்கள் ஓடி நின்றன. எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரை மாறுவதற்குள் பிரிசி கையை நீட்டி நிறுத்தச் சொன்னாள். மறுபடி போடச் சொன்னாள். எண்கள் நின்ற இடத்தில் விரலை வைத்தாள். மறு கையில் பில், அதில் 512. திரையில் இருந்தது அதில் பாதி.

கடைக்காரர் உள்ளே பார்த்துக் கன்னடத்தில் யாரையோ திட்டினார். தவறுதலாக நடந்ததா, வேண்டுமென்றே செய்ததா, தெரியாது. "சாரி மேடம், மாறிப்போச்சு." கழற்றிச் சரியானதைப் போட்டார். அவள் பில்லை மடிக்காமல் நின்றுகொண்டே இருந்தாள், எண் முழுசாக ஓடி நிற்கும்வரை.

ஆட்டோவில் மானிட்டர் அவர் மடியில். மழைக்குத் தன் ரெயின்கோட்டைக் கழற்றி அதற்குப் போர்த்தினார். நனைந்தே வந்தார்.

"நான் போயிருந்தா பாதி ரேமோட வந்திருப்பேன்," என்றார், இரண்டு முறை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கம்ப்யூட்டர் ஹாலில். ஜன்னலைப் பார்க்க வைத்தோம். வெளிச்சம் படுகிறது என்று அவள் சுவர்ப் பக்கம் திருப்பினாள். டிவி மேஜை நகர்ந்தது, மாதா படமும் நகர்ந்தது.

ஸ்பீக்கரை அவளே பொருத்தினாள். சத்தத் திருகு எந்தப் பக்கம் இருந்தால் என்ன அவளுக்கு? பாட்டு போட்டதும் தெருவே அதிர்ந்தது. எதிர்வீட்டு அக்கா கரண்டியோடு ஓடி வந்தார். அவள் எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள். கீழே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எங்களுக்கும் அடக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

எனக்குச் சளி. பிரிசி அச்சகத்திலிருந்து வந்ததும் பெட்டி, பெட்டி, பெட்டிதான். மல்லிகை ஊதுபத்திக்கு மல்லிகைப் படமே போடவில்லை. மண் நிறத்தில் வெறும் பெட்டி, ஒரு மூலையில் வெள்ளைக் கோடு, நார் போல. பூ எங்கே என்றேன். பார்த்துக்கொண்டே இரு என்றாள். பார்த்தேன். பூ கட்டும் நார்தான் அது. ஒரு முடிச்சு தெரிந்தது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

சிடியில் எழுதியாயிற்று. கொரியர் வேண்டாம் என்று அவர் லீவு போட்டார். இஸ்திரி போட்ட சட்டை. இரண்டு பஸ் மாறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

"யாருன்னு கேட்டான். டிசைனரோட அப்பான்னு சொன்னேன்."

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வெயில். மூன்று மணிக்கு ஹாலில் நாற்காலி போட்டோம். அல்சூரில் வாடகைக்கு எடுத்த டிவிடி, பழைய காமெடிப் படம். நாங்கள் இருவரும் பலமுறை பார்த்தது. கீழே இங்கிலீஷ் எழுத்து.

கதாநாயகன் மாமனாரிடம் மாட்டிக்கொள்ளும் இடம். அவன் இன்னும் வாயைத் திறந்து முடிக்கவில்லை. பிரிசி சிரித்துவிட்டாள். பிறகுதான் வசனம் வந்தது, பிறகு நாங்கள் சிரித்தோம். எழுத்து முன்னாலேயே வந்துவிடுகிறது. படம் முழுக்க அப்படித்தான். அவள் முதலில், நாங்கள் பின்னால்.

ஒரு இடத்தில் ஸ்பீக்கர் கரகரத்து வசனம் போய்விட்டது. அவர் அவள் தோளைத் தட்டி, என்ன சொன்னான் என்று கேட்டார். அவள் சொன்னாள்.

எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். பால் பொங்குகிறது என்று சொன்னேன். பால் அடுப்பில் இல்லை.

ஆகஸ்ட் 21, புதன்

கம்பெனியிலிருந்து ஒன்றும் வரவில்லை. கேஸ் புக் செய்ய வேண்டும்.

ஆகஸ்ட் 24, சனி

மூன்று மணிக்குக் கம்பெனி மேனேஜரே வந்துவிட்டார். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுகிறார். டிசைன் நன்றாக இருக்கிறதாம், ஆனால் மண் நிறம் வேண்டாமாம். நல்ல சிவப்பு வேண்டுமாம்.

"நீங்க மகளுக்குச் சொல்லிடுங்கம்மா."

வாயைத் திறக்கப் போனேன். சைகைக்குக் கைகூட எழுந்துவிட்டது. பிறகு நிறுத்திக்கொண்டேன்.

"டிசைன் விஷயம் எனக்குத் தெரியாதுங்க சார். அவகிட்டயே கேளுங்க."

பிரிசி அவருக்கு நாற்காலி போட்டாள். திரையில் வெள்ளைப் பக்கம் திறந்து, பெரிய எழுத்தில் இங்கிலீஷில் அடித்தாள்: 'சொல்லுங்கள்.' கீபோர்டை அவர் பக்கம் தள்ளினாள். அவர் ஒரு விரலால் அடித்தார். சிவப்பு.

அவள் சரி, தவறு எதுவும் சொல்லவில்லை. கடை அலமாரி போல ஒரு வரிசை வரைந்தாள். வரிசை முழுக்கச் சிவப்புப் பெட்டிகள், நடுவில் அவர் கேட்ட சிவப்பில் இந்தப் பெட்டி. தேட வேண்டியிருந்தது. பிறகு அந்த ஒன்றை மட்டும் மண் நிறமாக்கினாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மறுபடி ஒரு விரல். 'இப்படியே இருக்கட்டும்.' கொஞ்சம் யோசித்து, அடுத்த வரி: 'சந்தனம், ரோஜா இரண்டும் நீங்களே செய்வீர்களா?'

எத்தனை நாளில், எந்த அளவு, யார் அச்சடிப்பது, எல்லாம் அவர்களுக்குள் திரையிலேயே நடந்தது. காபி கொடுத்துவிட்டுச் சும்மா நின்றேன். இருபது வருடத்தில், என் கண் முன்னால், அவளுக்காக நான் பேசாத முதல் வெளியாள்.

கிளம்பும்போது அவர் என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவளைப் பார்த்துக் கைகூப்பிச் சொல்லிக்கொண்டு போனார்.