உருவமில்லாத சாமிக்கு ஒரு திரை

1952 ஏப்ரல் 9, மலாக்கா

டாக்டரம்மா ஹன்னா எங்கள் வீட்டுக்கு வந்தார். போன வருடம் புலாவ் செபாங் சாலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இறந்துபோன எஸ்டேட் டாக்டரின் மனைவி, யூதர். கணவர் நினைவாகச் சிங்கப்பூரில் தங்கள் ஜெபக்கூடத்துக்கு ஒரு திரை வேண்டுமாம். கோயில் திரையில் நான் போட்ட பூவேலையைப் பார்த்திருக்கிறார். "எப்போதும் போடும் கிரீடம், சிங்கமெல்லாம் வேண்டாம். புதிதாக, நீயே வரை," என்று மலாயில் சொன்னார். ஆள், முகம், சாமி உருவம் எதுவும் கூடாது.

இத்தனை காலமும் யாரோ வரைந்து தந்த கோட்டின் மேல்தான் ஊசி போட்டிருக்கிறேன். எந்தத் தைரியத்தில் சரி என்றேன்?

ஏப்ரல் 10

வீட்டுக்காரர் லாரியை நிறுத்திவிட்டு வந்ததும் சொன்னேன். ஒரே சிரிப்பு. "உருவமே இல்லாத சாமிக்கு என்னத்த புள்ள வரையப்போற? வெறுந்துணிய மாட்டச் சொல்லு லா!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏப்ரல் 27

திரைக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். தோல் சுருளில் கையால் எழுதிய வேதமாம். அதை வெளியே எடுத்தால் எல்லோரும் எழுந்து நிற்பார்களாம். எழுத்துக்கு!

மே 6

ஒன்றும் வரவில்லை. தாளைக் கிழித்ததுதான் மிச்சம்.

மே 11

கிடைத்துவிட்டது!

நான் பிறந்த எஸ்டேட்டில் விடியும் முன்பே நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போவார்கள். ஆள் தெரியாது. விளக்கு மட்டும் மரங்களுக்குள் நகரும். சின்ன வயதில் அதைப் பார்த்துப் பயந்து கும்பிட்டிருக்கிறேன். இப்போது கம்யூனிஸ்ட் கலகத்தால் ஊரடங்கு, வெளிச்சம் வந்த பிறகுதான் முள்வேலிக் கதவையே திறக்கிறார்கள்.

கருநீல வெல்வெட். நெட்டுக்குச் சாம்பல் பட்டில் மரங்கள். இடையிடையே சரிகைப் புள்ளிகள். அவ்வளவுதான்.

டாக்டரம்மா படத்தை வெகுநேரம் பார்த்தார். "இந்த நேரத்தில்தான் வைத்தியத்துக்கு அவரைக் கூப்பிட வருவார்கள்," என்றார்.

ஜூலை 13

முடித்தேன். நானா செய்தேன் என்று இருக்கிறது.

ஜூலை 15

ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்!

கல்யாணச் சேலையோ கோயில் துணியோ, வேலை முடிந்ததும் கீழ்மூலையில் கறுப்பு நூலில் ஒரு திருஷ்டிப் பொட்டு வைப்பேன். கை பழக்கத்தில் இதிலும் வைத்திருக்கிறது. "இது என்ன கறை?" என்றார் டாக்டரம்மா. விளக்கினேன். முகம் மாறிவிட்டது. அவங்க கோயில்ல போயி நம்ம திருஷ்டிப் பொட்டா? பிரிச்சா வெல்வெட்டுல ஓட்டை ஓட்டையா நிக்குமே — நான் வரைஞ்ச ஒண்ணே ஒண்ணு!

பெரியவர்களைக் கேட்க வேண்டும் என்று சொல்லிச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

ஜூலை 23

தகவல் இல்லை.

ஜூலை 27

வந்தார். வாசலிலேயே "பியார், பியார்" என்றார். இருக்கட்டுமாம்!

அவர்கள் வீடு கட்டினால் சுவரில் ஒரு முழம் பூசாமல் விடுவார்களாம், இடிந்துபோன பழைய கோயிலின் நினைவாக. பெரியவர் பொட்டைத் தொட்டுப் பார்த்து அதைத்தான் சொன்னாராம். நான் கண் படாமலிருக்க வைத்தேன். அவர்கள் இழந்ததை மறக்காமலிருக்க விடுகிறார்கள். காரணம் வேறுதான். ஆனாலும் பொட்டு நிலைத்துவிட்டது.

ஆகஸ்ட் 2, சிங்கப்பூர்

டாக்டரம்மா அழைத்து ஜெபக்கூடத்துக்குப் போனோம். வீட்டுக்காரர் கீழே ஆண்களோடு, நான் மாடியில் பெண்களோடு. திரையை விலக்கினார்கள். உள்ளே பட்டு உடுத்திய சுருள்கள். கூடமே எழுந்து நின்றது. என் விளக்குகளெல்லாம் மடிப்புக்குள் போய்விட்டன, வருத்தமே இல்லை. கை கூப்பியிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். டாக்டரம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஆகஸ்ட் 3

திரும்பும் ரயிலில் போலீஸ் சோதனை. அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, என்ன வேலை என்று என்னைக் கேட்டார்கள். தையல் என்று சொல்ல வாயெடுத்தேன். வீட்டுக்காரர் முந்திக்கொண்டு மலாயில் சொன்னார்:

"இவங்க படம் வரையிறவங்க. சாமிக்கு."