நாலு மணி மழை

ஜூலை 8, செவ்வாய்

வெயில் கொளுத்துகிறது. பன்னிரண்டு நாளாகச் சொட்டு மழை இல்லை.

ஞாயிறு போட்டிக்கு: வலை, விசில், சுண்ணாம்புத் தூள், ஐஸ் பெட்டி, பேனர். பேனரில் ‘பிளாஸ்டிக் இல்லாத பசுமைப் போட்டி’. என் யோசனை. செயற்குழுவுக்கு அவரவர் பெயர் பொறித்த எவர்சில்வர் போத்தல் வந்துவிட்டது. அதுவும் என் யோசனைதான். செயலாளர் என்றால் சும்மாவா.

ரப்பர்த் தோட்டம் போய் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது, திடல் மட்டும் மிச்சம். வருடம் ஒருமுறை பழைய தோட்டத்து ஆட்கள் எல்லாரும் கால்பந்துக்குக் கூடுகிறோம். கோலுக்குப் பின்னால் லாலான் புல் இடுப்பளவு. புல் வெட்டுகிறவன் அடுத்த வாரம்தான் வருவானாம்.

திடலைக் கூட்டும் லெட்சுமி அக்கா நான் அந்தப் புல்லையே பார்ப்பதைக் கவனித்துச் சொன்னார்: “தம்பி, தீ மட்டும் வச்சிடாதீங்க. மண்ணே பொரிஞ்சு கெடக்கு. கன்னுங்க இருக்கு.”

“சரிக்கா.”

போன வருடம் வெயிலில் ஓர் ஆட்டக்காரர் சுருண்டு விழுந்தார். அதற்குப் பிறகு நிழலுக்கென்று ஒன்பது மரக்கன்று வைத்தோம். நட்டுப் படம் எடுத்தது நாங்கள். தினமும் வாளி தூக்கியது லெ. அக்கா.

ஜூலை 9, புதன்

அரை நாள் லீவு. மூன்று மணிக்குத் திடல். லெ. அக்கா சிம்பாங் பூலாய் கிளினிக்குக்குப் போயிருந்தார். அது தெரிந்துதான் போனேன்.

தோட்டத்தில் அப்பா காலத்துப் பழக்கம்: மேட்சுக்கு முன்னால் மூன்று மணிக்கு லாலானைக் கொளுத்துவது, நாலு மணி மழை வந்து அணைத்துவிடும். ஒரு தடவையும் தவறியதில்லை. இன்றும் குனோங் ராபாட் மலைப் பக்கம் மேகம் கறுத்திருந்தது. நம்பிக் கொளுத்தினேன்.

மழை வரவில்லை. காற்று வந்தது.

சப்பாத்தால் மிதித்தேன். போத்தல் தண்ணீரை ஊற்றினேன். போத்தலை எங்கே போட்டேனோ. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டேன். மெயின் ரோட்டில் நின்று தீயணைப்புக்குப் போன். பெயர் கேட்டார்கள். “ரோட்ல போறவன்” என்றேன்.

குளித்தும் தலைமுடியில் புகை வாடை.

ஜூலை 10, வியாழன்

வாட்சாப் குழுவில் படங்கள். ஒன்பது கன்றும் கருகிக் குச்சியாக. கோல் கம்பம் கறுப்பு.

பருவநிலை மாற்றம், தானாகவே பற்றியிருக்கும் என்று ஒருவர் எழுதினார். எவ்வளவு இதமாக இருந்தது! உலகத்தின் குற்றம். என் குற்றம் இல்லை. கட்டைவிரல் போட்டேன்.

தலைவர் குணாவின் குரல் பதிவு: “தானாவாவது, பத்துறதாவது! அந்தக்கா குப்பைய கூட்டி கொளுத்தியிருக்கும்லா. வேற யாரு?”

‘விசாரிக்கணும்’ என்று தட்டினேன். நான்! விசாரிக்கணுமாம்!

ஜூலை 11, வெள்ளி

மாமாக் டீக்கடையில் செயற்குழுக் கூட்டம். லெ. அக்காவை வேலையிலிருந்து நிறுத்துவதாக முடிவு.

குணா: “மச்சான், கடிதம் நீ எழுது. ஒனக்குத்தான் தமிழ் நல்லா வரும்.”

எழுதினேன். ‘தங்கள் கவனக்குறைவின் காரணமாக’. ஒற்றுப்பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்தேன். வெட்கங்கெட்டவன்.

ஜூலை 12, சனி

காலை, லெ. அக்கா வீடு. கடிதத்தை வாசலிலேயே கொடுத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தேன். “இருங்க தம்பி” என்றார். கண்ணாடி போட்டு மெதுவாகப் படித்தார்.

“நீங்க எழுதுனதா? கையெழுத்து அழகா இருக்கு.”

உள்ளே போய் ஒரு துணிப்பை எடுத்து வந்தார். என் போத்தல். என் பெயர்.

“கோலுக்குப் பின்னால கெடந்துச்சு. சாம்பல் போட்டு தேச்சேன். அடியில கொஞ்சம் கறுப்பு போக மாட்டேங்குது.”

“அக்கா...”

“யாருகிட்டயும் காட்டல. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்.”

திட்டியிருக்கலாம். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

எட்டுக் குழுக்கள். ஒன்பது மணிக்கே நெருப்பு வெயில். ஓடும் காலடியிலெல்லாம் சாம்பல் கிளம்பி, பிள்ளைகள் இருமல். நிழல் இல்லை.

வரவேற்புரைக்கு மைக் கொடுத்தார்கள். மேலே பசுமைப் போட்டி பேனர். எழுதி வந்த தாளை எடுத்தேன். மடித்துப் பையில் வைத்தேன்.

“தீ வச்சது நான்தான். லெட்சுமிக்கா இல்ல. வேணாம்னு சொன்னாங்க, கேக்கல. கடிதம் எழுதுனதும் நான்தான்.”

யாரோ சிரித்தார்கள், ஏதோ வேடிக்கை என்று. பிறகு யாரும் சிரிக்கவில்லை. குணா மைக்கைப் பிடுங்கி, “மச்சான், இப்ப ஏன்லா இதெல்லாம்? மேட்ச் முடியட்டும்.”

லெ. அக்காவைத் தேடினேன். வரவில்லை. இத்தனை வருடங்களில் முதல் தடவையாக. கோலுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஒன்பது கருகிய குச்சி. ஒவ்வொன்றின் அடியிலும் மண் ஈரமாக இருந்தது.