வாசிப்பின் நடுவே ஓர் ஆகா

நவம்பர் 6, வியாழன்

மூடுபனி. ஆற்றின் அக்கரை தெரியவில்லை.

செயற்கைப் பல் செய்யும் இந்த வேலையில் என் மூன்று மாதச் சோதனைக் காலம் அடுத்த வெள்ளி முடிகிறது. நிற்பதா, போவதா? அன்று ஷெஃபிடம், அதாவது முதலாளியிடம், சொல்ல வேண்டும். வேலையில் குறையில்லை. வேலை முடிந்த பிறகுதான் பிரச்சினை. சோலோதுர்ன் என்ற இந்தச் சுவிஸ் ஊரில் நான் வாய் திறப்பது பேக்கரியில் பாண் வாங்க மட்டும். ஷாஃப்ஹவுசனில் அக்கா வீட்டு மேல் அறை இன்னும் காலி.

மாலையில் போய் இருக்க ஓர் இடம் தேடியதில், இதுவரை:

– ஸ்டேஷன் பக்கத்து பார். பெரிய திரை, உதைபந்து. எல்லாரும் திரையோடு சண்டை.
– ஆற்றங்கரை பார். மெழுகுதிரி, நல்ல அழகு. சனம் சோடி சோடியாக. எனக்குச் சோடி என் குடை.
– பழைய நகரத்து வைன் கடை. கதிரை உயரம். கால் தொங்கியது.

வேலையில் பக்கத்து மேசை மார்க்குஸ் சொன்னது: தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு பைட்ஸ், பழைய ஊர்ச் சாப்பாட்டுக்கடை. ஞாயிறு பி.ப. 3க்கு வாத்தியக்காரர் வந்து தங்கள் பாட்டுக்கு வாசிப்பார்களாம். மேடை இல்லை, டிக்கெட் இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

போனேன். இவ்வளவு நாளும் எங்கே இருந்தது இந்த இடம்!

மர மேசை, சூப் வாசம், மேசைக்கடியில் ஒரு கிழட்டு நாய். மூன்று பேர் வாசித்தார்கள். குட்டி அக்கோர்டியனோடு நரைத்த குடுமிக்காரி, ரூத் என்று பெயர். கம்பிகளைச் சிறு கோலால் தட்டும் ஒருவர். ஆளைவிட உயரமான பாஸ் வாத்தியத்தோடு இன்னொருவர். அறிவிப்பு எதுவும் இல்லை. ரூத் சூப்பை முடித்து, வாயைத் துடைத்து, தொடங்கினார். மற்ற இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். என்ன சுத்தம்! அலட்டல் இல்லாத கை.

மூன்று மூன்றாக ஓடுகிற மெட்டு. என் கை தானாகத் தொடையில் தாளம் போட்டது, பிறகு மேசையில். ஓர் இடத்தில் ரூத் மெட்டைக் கீழே விழவிட்டு, தரையில் படுமுன் பிடித்தார்.

"ஆகா!"

நான்தான். சத்தமாக. கோயில் மண்டபத்துக் கச்சேரி என்ற நினைப்பு.

அத்தனை தலையும் திரும்பியது, நாய் உட்பட. முடியும்வரை மூச்சுக் காட்டாத சனம் இது. காது சுட்டது. கோட்டைத் தூக்கிக்கொண்டு பாதியிலேயே வெளியேறினேன். அது அதைவிட மரியாதைக்கேடு.

நவம்பர் 10, திங்கள்

அக்காவின் போன். நேற்றுப் போனதைச் சொன்னேன்.

"தனியப் பாருக்கோ போனனீ? விசரே உனக்கு?"

"பார் இல்லை அக்கா, பைட்ஸ். பாட்டுக் கேக்கப் போனனான்."

"எல்லாம் ஒண்டுதான். வெள்ளிக்கிழமை நிக்கேல்லை எண்டு சொல்லிப்போட்டு வா. அறை கூட்டி வைச்சிருக்கிறன்."

ஓம் என்றேன். எனக்கும் மனம் விட்டுப்போயிருந்தது.

நவம்பர் 13, வியாழன்

பேக்கரி வரிசை. எனக்கு முன்னால் நரைத்த குடுமி. ஒளிக்க இடமில்லை.

ஏன் பாதியில் போனீர்கள் என்று ரூத் கேட்டார். மன்னிப்புக் கேட்டேன். எங்கள் ஆட்கள் நல்ல இடம் வந்தால் நடுவிலேயே சொல்லிவிடுவார்கள், பழக்கதோஷம் என்றேன்.

"இங்கே முடிந்த பிறகு கை தட்டுவார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு," என்றார். பிறகு கிட்ட வந்து, "எந்த இடம்?"

வரிசையில் நின்றபடி முனகிக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். பேக்கரிப் பெண் இரண்டு தரம் கூப்பிட்டும் இருவருக்கும் கேட்கவில்லை.

"அதைச் சரியாகப் பிடிக்க எனக்கு இரண்டு குளிர்காலம் எடுத்தது," என்றார் ரூத். "ஞாயிறு வாருங்கள். எங்கள் மேசையில் இருங்கள்."

வீட்டுக்கு வந்து அழுதேன். சந்தோஷம்தான்.

நவம்பர் 14, வெள்ளி

மழை. நிற்கிறேன் என்று ஷெஃபிடம் சொன்னேன். தலையாட்டிவிட்டு அடுத்த மேல்தாடை அச்சை நீட்டினார்.

அக்காவுக்கு எடுத்தேன். நிற்கப் போவதைச் சொன்னேன்.

"அந்தப் பாருக்காகவோ?"

"ஓம்."

"அங்க பொம்பிளையளும் வருவினமோ?"

"வருவினம்."

அந்தப் பக்கம் கலண்டர் தாள் புரட்டும் சத்தம்.

"ஞாயிறு எத்தினை மணிக்கு வரோணும்?"