வாடகை இறங்கிய நவம்பர்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. தேக்கா கடைத்தெருவில் தீபாவளி விளக்குகளை இன்னும் கழற்றவில்லை. குடை பிடித்தும் பாதி நனைந்து அலுவலகம்.

காலாண்டு அறிக்கை இன்று முடிய வேண்டும். வாடகைக் குறியீடு இறக்கம். காலி வீடுகள் ஏற்றம். ஆட்குறைப்பும் ஏற்றம். மேலாளர் கெல்வினுக்கு ‘வீழ்ச்சி’ என்ற சொல் ஆகாது. சந்தை ‘நிதானப்படுகிறது’ என்று போடச் சொன்னார். போட்டேன். நிதானமாக வேலை இழந்தவர் யாரையாவது தெரியுமா என்று கேட்கவில்லை. எனக்குச் சம்பளம் வேண்டும்.

எங்கள் நிலைமையில் நிதானம் இல்லை. நாங்கள் ஓர் அறை எடுத்திருக்கும் இந்த வீட்டை ஓனர் விற்றுவிட்டார். மாதக் கடைசிக்குள் கிளம்ப வேண்டும். பிப்ரவரியில் குழந்தை. வீடு அமையாவிட்டால் பிரசவத்துக்கு நான் தூத்துக்குடி போக வேண்டும். கணவன் ஜெரால்டு இங்கே நாலு பேரோடு ஓர் அறையில் தங்க வேண்டும். துவாஸ் கப்பல் பட்டறை எஞ்சினியர், லீவு கிடைக்காது. தன் பிள்ளையை முதலில் போனில்தான் பார்ப்பான். இதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

வாங்க வேண்டியது: இரும்பு மாத்திரை, அட்டைப் பெட்டிகள், ஜெ.க்கு சாக்ஸ்.

நவம்பர் 6, வியாழன்

மதியம் புஷ்பா அக்கா போன். வீட்டு ஏஜென்ட். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். போன வருடம் எங்களுக்கு வீடு தேடிக் களைத்துப் போனவர்.

“செங்காங் வீடு ஞாபகம் இருக்கா? எம்ஆர்டி ஸ்டேஷன் பக்கத்துல. ஓனர் ஓகே சொல்லிட்டாங்க லா.”

ஞாபகம் இல்லாமலா. இந்தியர் வேண்டாம் என்று வாசலையே காட்டாத வீடு.

“என்னக்கா, திடீர்னு நல்ல மனசு?”

“மனசெல்லாம் இல்லம்மா. மாசக்கணக்கா காலி. இப்ப இந்தியன் ஓகே, பேபி ஓகே. இன்னும் கொஞ்ச நாள் விட்டா பூனை, நாய் எல்லாம் ஓகே!”

சிரித்துவிட்டேன். போனை வைத்ததும் எரிச்சல். சந்தை நன்றாக இருந்தபோது எங்கள் மேல் வாடை அடித்தது. இப்போது அடிக்கவில்லையாம்.

அந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டேன் என்று ஜெ.யிடம் சொன்னேன். சாப்பிட்டபடியே, “கோவத்தோடயே வந்து பாரு. கோவத்துக்குள்ள குடியிருக்க முடியாதுல்ல” என்றான்.

நவம்பர் 8, சனி

வெயில். வீடு பார்த்தோம்.

வியாழன் இரவிலிருந்து தாளிப்பு இல்லை. ரொட்டி, முட்டை. வீடு பார்க்கப் போகுமுன் இது எங்கள் வழக்கம், போன வருடம் பழகியது. உடுத்திப்போகும் துணி சலவைக்கடையில் துவைத்தது. தலையில் எண்ணெய் கிடையாது. யாரும் செய்யச் சொல்லவில்லை, நாங்களாகவே செய்கிறோம். எழுதும்போது கேவலமாக இருக்கிறது. லிஃப்டில் ஜெ. என் கையைப் பிடித்து நகத்தில் மஞ்சள் இருக்கிறதா என்று பார்த்தான்.

இரண்டு அறை. நல்ல காற்று. சமையலறையில் பெரிய ஜன்னல். பிடித்துவிட்டது, அதுதான் பயம்.

ஓனர் மேடம் டான். ஐம்பதுக்கு மேல். முன்பு குடியிருந்த பிலிப்பினோ தம்பதிக்கு ஒரே மாதத்தில் இரண்டு வேலையும் போனதாம். நல்ல பிள்ளைகள், பெட்டி கட்டி ஊருக்குப் போய்விட்டார்கள் என்றார். நான் அறிக்கையில் ‘காலி’ என்று எண்ணில் சேர்த்த வீடு இது. யாரோ அழுதுகொண்டே இதைப் பூட்டியிருக்கிறார்கள்.

“ஹெவி குக்கிங்கா?” என்று கேட்டார். சும்மா லைட் என்று சொல்லும்படி புஷ்பா அக்கா கீழேயே பாடம் நடத்தியிருந்தார். நான், தினமும் சமைப்போம், தாளிப்போம், மீன் குழம்பும் வைப்போம் என்றேன். அக்கா என் முழங்கையைக் கிள்ளினார். மேடம் டான் என் வயிற்றைப் பார்த்தார்.

லிஃப்டில் அக்கா: “உன் வாய்க்கு ஒரு பூட்டு போடக் கூடாதா?”

“பொய் சொல்லிட்டு ரெண்டு வருஷம் ஜன்னலைச் சாத்திச் சமைக்கணுமாக்கா?”

“எல்லாரும் அப்படித்தான்மா சமைக்கிறாங்க.”

நவம்பர் 9, ஞாயிறு

சர்ச்சில் தமிழ்ப் பூசை. முடிந்து கேன்டீனில், பின்னால் இருவர்:

“வாடகை குறையுதுன்னு குஷியா இருந்தேன்டா. அதுக்குள்ள எங்க டீமையே தூக்கிட்டானுங்க.”

“அப்ப இன்னும் குறையும்.”

இருவரும் சிரித்தார்கள். பாதி உளுந்து வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

ஒப்பந்தத்தின் நகல் வந்தது. எல்லாம் சரி, ஒரு வரி தவிர: லைட் குக்கிங் மட்டும், மசாலாவும் வறுவலும் கூடாது. லைட் குக்கிங் என்றால் இந்த ஊரில் நூடல்ஸ் வேகவைப்பது.

“சைன் பண்ணிடும்மா. யார் வந்து எட்டிப் பார்க்கப் போறாங்க?” என்றார் புஷ்பா அக்கா. எல்லோரும் அப்படித்தான் சைன் பண்ணுகிறார்கள். கிளம்பும் நாளில் அந்த வரியைக் காட்டித்தான் முன்பணத்தைப் பிடிப்பார்கள்.

பதில் எழுதினேன்: வரியை எடுங்கள், இல்லையென்றால் வேறு வீட்டுக்குப் போகிறோம்.

வேறு வீடு இல்லை. ஆனால் அதே புளோக்கில் இன்னும் காலி வீடுகள் உண்டு. அது எனக்குத் தெரியும், மேடம் டானுக்கும் தெரியும். என் பலம் அவ்வளவுதான்.

அனுப்பிய பிறகுதான் ஜெ.யிடம் சொன்னேன். அவன் கத்தவில்லை. கழுவிய தட்டை எடுத்து மறுபடி கழுவினான்.

நவம்பர் 12, புதன்

பதில் இல்லை. அறிக்கை பிரமாதம் என்று கெல்வின். தூத்துக்குடிக்கு டிக்கெட் பார்த்தேன். ஒரு டிக்கெட்தான். பக்கத்தை மூடினேன். மறுபடி திறந்தேன்.

நவம்பர் 13, வியாழன்

புஷ்பா அக்கா போன்: “எடுத்துட்டாங்க லா! அந்த வரியை எடுத்துட்டாங்க! தாளிக்கும்போது புகைபோக்கி மட்டும் போடணுமாம்.”

அலுவலகக் கழிப்பறையில் போய் அழுதேன். முகம் கழுவி வந்தேன். ஜெ.க்குச் செய்தி. அவனிடமிருந்து குரல் பதிவு: பேச்சே இல்லை, சிரிப்பு மட்டும், பின்னால் கிரேன் சத்தம்.

நியாயம் ஜெயித்தது என்று நம்ப நான் முட்டாள் இல்லை. வீடு காலியாகக் கிடந்தது, அவ்வளவுதான். சந்தை ஏறினால் அந்த வரி திரும்ப வரும். வரட்டும், அப்போது சண்டை போடலாம். இன்று மூச்சு விட முடிகிறது. எத்தனை மாதமாகப் பிடித்துவைத்திருந்தேனோ.

நவம்பர் 22, சனி

சாவி வாங்கியாச்சு. லாரி மதியத்துக்குள் வந்துவிட்டது. சாமான் குறைவு, வீடு பெரிது. பேசினால் எதிரொலிக்கிறது.

அம்மாவுக்குப் போன். நான் வரவில்லை, நீதான் வரணும் என்றேன். “பாஸ்போர்ட்ட எங்க வச்சேன்னு தெரியலியே” என்று உடனே தேடப் போய்விட்டாள், போனைக்கூட வைக்காமல்.

இன்னும் வாங்க: திரைச்சீலை, வாளி, பல்பு.

ஜெ. வெறுந்தரையில் துணிமூட்டை மேல் தலை வைத்துக் குறட்டை. பிரித்துக் கொண்டுவந்த கட்டிலைப் பூட்ட எழுப்பலாம் என்று போனேன். பக்கத்தில் இடம் நிறைய இருந்தது.