நாற்பது சர்வரிலும் உன் பெயர்

அன்பு மனைவி ராங்கிக்கு, உன் கணவன் கைகட்டி நின்று எழுதுவது. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் நலம், தொப்பை மிக நலம்.

இங்குள்ள நாற்பது சர்வர்களுக்கும் கெர்னல் கட்டும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். கெர்னல் என்பது கணினியை உள்ளிருந்து அதட்டி வேலைவாங்கும் புரோகிராம். நம் வீட்டுக்கு நீ மாதிரி. ஊருக்குக் கிளம்பும்போது நீ என் பெட்டியைப் பிரித்துப் பாதியை வெளியே எறிந்தாயே, அதேபோல் பாட்டுக்கு, கேமராவுக்கு என்று கெர்னலில் இருந்த, சர்வருக்கு வேண்டாத பகுதிகளையெல்லாம் எறிந்தேன். எறிகிற வேகத்தில் ஹார்ட் டிஸ்க்கைப் படிக்கும் பகுதியும் போய்விட்டது. சோதனை சர்வர் எழுந்திருக்கவே இல்லை.

"நாளைக்குள்ள ஓடலைன்னா வேற ஆளப் பாத்துக்குறேன்," என்றார் மேலாளர்.

விட்டுப்போன பகுதியைச் சேர்த்து மறுபடி கட்டினேன். நாற்பதும் எழுந்துகொண்டன! கட்டியவன் தன் கெர்னலுக்கு ஒரு பெயர் ஒட்டலாம். இப்போது ஒவ்வொரு சர்வரும் 'ராங்கி' என்று திரையில் காட்டிக்கொண்டே எழுகிறது.

"யாருய்யா இந்த ராங்கி?" என்று கேட்டார் மேலாளர்.

"என் மேலாளர், சார்."

உணவு இடைவேளை முடிந்துவிட்டது. அடுத்த பார்சலில் என் பழைய போர்வையை அனுப்பு. அதை இப்போது நீதான் போர்த்திக்கொள்கிறாய் என்று மகள் போட்டுக்கொடுத்துவிட்டாள். துவைக்காமலே அனுப்பு.

உன்,
பாதிப் பெட்டிக்காரன்