ப்ளீச் ஊற்றியவர்

காலை ஷிப்டுக்குப் புறப்படுமுன் ஞானரட்ணம் மனைவிக்குச் சீட்டு எழுதினார்.

"மேரிறோஸ், கஞ்சி அடுப்பில இருக்கு. பாத்ரூம் ஜன்னலைப் பூட்டாதேயும். இருமல் நிக்காட்டி டொக்டரிட்டைப் போம்."

முந்தின நாள் அவள் கழிப்பறைக் கறைக்கு அமிலம் ஊற்றியதும் குளோரின் வாயு கிளம்பியது. மூச்சுத் திணறி வெளியே ஓடிவந்தாள். ப்ளீச்சோடு அமிலம் சேரக்கூடாது என்பது யாழ்ப்பாணத்தில் பதினெட்டு வருடம் இரசாயனம் படிப்பித்தவருக்குத் தெரியாததல்ல. "மூளை இல்லையே உமக்கு?" என்று மகளுக்கு முன்னால் கத்திவிட்டார். அவள் அமிலம் ஊற்றுவதற்குச் சற்று முன் அங்கே ப்ளீச்சை ஊற்றி ஊறவிட்டது தான்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

கோட்டைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பிவந்து, சீட்டின் அடியில் நெருக்கி எழுதினார்.

"ப்ளீச் ஊத்தினது நான். உமக்குச் சொல்ல மறந்துபோனன். பிறகு சொல்லப் பயந்திட்டன். பிழை உம்மில இல்லை."

பின்னேரம் அவர் வந்தபோது மேரிறோஸ் வேலைக்குப் போயிருந்தாள். சீட்டின் மறுபக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்.

"இருமல் குறைஞ்சிட்டுது. எனக்குச் சொன்னது காணாது. பிள்ளைக்கும் சொல்லுங்கோ."

மகள் அறையில் படித்துக்கொண்டிருந்தாள். ஞானரட்ணம் சப்பாத்தைக் கழற்றாமலே போய் அவளுடைய கதவைத் தட்டினார்.