சாமியார் பாடாத பாட்டு

ஜூன் 10, செவ்வாய்

ஈரப் புழுக்கம். ஜன்னல் கண்ணாடி வெளிப்பக்கம் வியர்த்து நிற்கிறது. பஹ்ரைனின் ஈசா டவுனில் இந்த மாதம் துணி காய்ந்தால் அதிசயம். வாங்க வேண்டியது: குபூஸ் ரொட்டி, தயிர், மீனுவுக்கு சார்ட் பேப்பர்.

ஊர்ச் செய்தியில் அந்தச் சாமியார். ஆசிரமத் தோட்டத்தைத் தோண்டுகிறார்கள். விட்டுப் போகிறேன் என்ற சீடர்களைக் கொன்று புதைத்திருக்கிறான். போலீஸ் வேனில் ஏறும்போதும் கூலிங் கிளாஸ். பின்னணியில் அவனுடைய பிரபலமான பாப் பாட்டு. காலேஜ் பஸ்ஸில் நானும் கத்திப் பாடியதுதான்.

மீனு ஹோம்வொர்க்கிலிருந்து தலையைத் தூக்கினாள். "அம்மா, திஸ் இஸ் அப்பா'ஸ் வாய்ஸ்."

இவர் ரிமோட்டைத் தேடினார். கையிலேயே இருந்தது.

ஜூன் 11, புதன்

இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். பஹ்ரைன் வருவதற்கு முன் இவருக்கு அந்த ஆசிரம ஸ்டூடியோவில் கீபோர்ட் வேலை. சாமியாருக்கு பாப் ஸ்டார் ஆசை. கிட்டார், நீள முடி, ஆல்பம் வெளியிட சினிமாப் பாடகர்கள். எல்லாம் வந்தது, சுருதி மட்டும் வரவில்லை. பெரிய பாடகர் வருவதற்கு முன் மாதிரிக்கு ஒருவர் பாடி வைப்பாரே, ட்ராக், அதைப் பாடியது இவர். சாமியார் பாடிப் பாடிப் பார்த்துவிட்டு, ட்ராக்கையே வெளியிடச் சொல்லிவிட்டான். அட்டையில் அவன் பெயர். மேடையில் வாயசைப்பு.

கல்யாணமான புதிதில் இவர் குளியலறையில் பாடியபோதுதான் எனக்கே தெரிந்தது. அன்று விழுந்து விழுந்து சிரித்தேன்.

நேற்றிலிருந்து குளியலறையில் வெறும் தண்ணீர்ச் சத்தம். தமிழ்ச் சங்கக் கச்சேரி ஒத்திகைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார். தொண்டை வலியாம். தொண்டை வலிக்காரர் ஐஸ் போட்டு மோர் குடிக்கிறார். சமாளிக்கக்கூடத் தெரியாத மனுஷன்.

ஜூன் 12, வியாழன்

தோண்டி எடுத்தவர்களின் பெயர்கள் வந்துவிட்டன. அதில் ஜெயந்தி. அந்தப் பாட்டுக்குக் கோரஸ் பாடிய பெண். இவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாளாம். வடநாட்டுக் கிளைக்கு அனுப்பியிருக்கிறோம் என்று ஆசிரமத்தில் சொன்னதை இவரும் நம்பினார், அவள் அம்மாவும் நம்பினாள்.

சாப்பிடாமல் டியூட்டிக்குப் போனார். ஏ.சி. பார்ட்ஸ் ஸ்டோரில் யாருக்கு எதை எடுத்துக் கொடுத்தாரோ. திரும்பி வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"எங்குரலக் கேட்டுத்தான் அங்க கூட்டம் சேந்துச்சு. அந்தப் புள்ளயும் அதக் கேட்டுத்தான் வந்தா."

ஷூவை நான் கழற்றினேன். அழுகை வந்தது, அழுதேன். இவர் அழவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

சாயங்காலம் ஊரிலிருந்து போன். ஜெயந்தியின் அம்மா. ஸ்டூடியோவின் பழைய தபேலாக்காரர் நம்பர் கொடுத்தாராம். சாமியார் பாட்டையெல்லாம் இன்டர்நெட்டிலிருந்து எடுத்துவிட்டார்களாம். மகள் குரல் அந்த ஒரு பாட்டில்தான் இருக்கிறது, உன்னிடம் இருக்கிறதா என்று கேட்டாள். தேடுகிறேன் என்றார் இவர்.

ஜூன் 13, வெள்ளி

லீவு. காலையிலேயே கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியை இழுத்துப்போட்டு, கம்பளிகளுக்குள்ளிருந்து ஸ்டூடியோக் காலத்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்தார். வீடெல்லாம் நாப்தலின் வாசனை. மீனு தும்மிக்கொண்டே இருந்தாள். பக்கத்து வீட்டு சேச்சி கொடுத்த புட்டு ஆறிப்போனது.

ரெக்கார்டிங் அப்படியே இருந்தது. குரல் தனி, கோரஸ் தனி, கருவிகள் தனி. தன் குரலை முதலில் அணைத்தார். ஜெயந்தி மட்டும். சின்னச் சின்ன ஹம்மிங், இரண்டு வரி, நடுவே மூச்சு வாங்கல், ஓரிடத்தில் அடக்க முடியாத சிரிப்பு. எத்தனை சின்னப் பெண். ஊருக்கு அதை மட்டும் அனுப்பினார். முழுப் பாட்டையும் அனுப்பலாமே என்றேன். கொலைகாரன் குரல் என்று ஊரே கேட்ட குரல், அந்த அம்மாவுக்கு எதற்கு என்றார். அது உங்கள் குரல் என்று நான் சொன்னது காதில் ஏறவில்லை.

ஜூன் 14, சனி

பதில் வந்தது. வாய்ஸ் மெசேஜ். மூவரும் கட்டிலில் உட்கார்ந்து கேட்டோம்.

"கேட்டேன்யா. நல்லாருக்கு. ஆனா எம்புள்ள ஒத்தயில நிக்கிற மாரி இருக்கு. பாடுனது நீதான்னு அவ அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டா. அண்ணன் கூடப் பாடுனேன்னு அவ்ளோ பெருமை அவளுக்கு. உன்னயும் சேத்து அனுப்புய்யா."

அப்போதுதான் அழுதார். மீனு பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். பழைய ட்ராக்கைத்தான் அனுப்பப்போகிறார் என்று நினைத்தேன். இல்லை. ஜன்னலைச் சாத்தச் சொன்னார். ரெக்கார்டிங்கில் சத்தம் விழும் என்று ஏ.சி.யையும் அணைக்கச் சொன்னார். ஜூன் மாதத்தில். மீனுவின் ஹெட்போனை மாட்டி ஜெயந்தியை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு முதுகில் வியர்வை ஓடுகிறது. மூச்சைக்கூட மெல்ல விடுகிறேன்.

பாடுகிறார்.